சுந்தரம் ஐயங்காரின் கால அட்டவணை

சென்ற ஆவணித் திங்களில் ஒரு நாள் காலை எமது கைப்பேசிக்கு ஒரு வாழ்த்துச் செய்தி வந்தது. எம் கணவரின் பெயரைக் குறிப்பிட்டு, அவருடைய பிறந்த நாளுக்கு அன்பும் அக்கறையும் கலந்த நல்வாழ்த்துகளைத் தெரிவித்து, அன்றைய தினம் வாங்கும் பொருள்களுக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு என்று முடிந்திருந்தது அச்செய்தி. அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. முன்னொரு காலத்தில் ஓசூரில் ஒரு கடையில் குளிர்சாதனப் பெட்டி வாங்கியபோது, கடைக்காரர் கேட்டுக்கொண்டபடி தம் பிறந்த நாளையும் எமது கைப்பேசி எண்ணையும் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பெட்டி பழுதானபோது அதே கடைக்கு நான்கு முறை நடந்தோம். அப்பொழுது எவருக்கும் எம்மை அடையாளம் தெரியவில்லை. பிறந்த நாள் மட்டும் தவறாமல் நினைவிருக்கின்றது.

அனுப்பியவர் மீது சினங்கொண்டு பயனில்லை. அனுப்பியது ஒரு பொறி. அதற்கு இறப்பும் பிறப்பும் ஒன்றே. எனினும் அன்பு, அக்கறை என்னும் இரு சொற்களையும் கரும்பலகையில் எழுதிப் பல ஆண்டுகள் சிறுவர்க்குப் பொருள் உரைத்து வந்த எமக்கு, அவை இவ்வாறு பொருளின்றி வந்து விழுந்தது நெஞ்சை உறுத்தியது. அன்று மாலை கடைத்தெருவுக்குச் சென்றபோது, எமக்கு முன்னே ஒரு முதியவர் இரண்டு பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு சிறு வண்டியில் சென்றார். அவ்வண்டியின் மீது எழுதியிருந்த மூன்று எழுத்துகளைப் பார்த்தவுடன், அவ்வெழுத்துகளுக்கு உரிய மனிதர் நினைவுக்கு வந்தார். அவரைப் பற்றி இவ்விதழில் எழுதுவது நலம் என்று அப்பொழுதே தோன்றியது.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வாழ்வோர்க்கு டி.வி.எஸ். என்பது ஒரு தொழிற்சாலை. ஒரு பேருந்து நிறுத்தம். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை கொடுத்த இடம். பணியில் இருந்த காலத்தில் ஒருமுறை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த எழுத்துகள் எதைக் குறிக்கும் என்று வினவினோம். வண்டியின் பெயர் என்றான் ஒருவன். கம்பெனியின் பெயர் என்றாள் ஒருத்தி. தன் தந்தை அணியும் சட்டையின் பெயர் என்றான் கடைசி வரிசைப் பையன். அது ஒரு மனிதரின் பெயர் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் மீது குற்றமில்லை. அவர் ஓசூரில் தொழில் செய்தவரும் அல்லர். இங்கே தொழிற்பேட்டை தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மறைந்துவிட்டவர்.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடி என்னும் ஊரில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பசுமையான ஊர் அது. நம்பியின் திருக்கோயிலால் வைணவ உலகில் புகழ்பெற்றது. அவருடைய பெயரின் முதல் எழுத்தாக நிற்பது அவ்வூரே. மகன் வழக்கறிஞராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அவ்வாறே சட்டம் பயின்று அத்தொழிலில் இறங்கினார். அதில் மனம் பொருந்தவில்லை போலும். பின்னர் இருப்புப்பாதைத் துறையில் பணியாற்றினார். அதன்பின் ஒரு வங்கியில் அலுவல் பார்த்தார். அந்நாளில் படித்த பிராமணக் குடும்பங்களில் அரசுப் பணியும் வழக்கறிஞர் தொழிலுமே மதிப்புக்குரியவை. வணிகம் செய்வது, அதுவும் வண்டி ஓட்டிப் பிழைப்பது, குலத்துக்கு ஏற்றதன்று என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. அத்தகைய காலத்தில், தம் 34-ஆம் வயதில், மாதச் சம்பளத்தை உதறிவிட்டு 1911-இல் தம் பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு பேருந்துப் போக்குவரத்தை நடத்தலானார். மதுரை மாநகர் அவருடைய தொழிலுக்குத் தலைமையிடமாயிற்று.

மோட்டார் பேருந்து அன்று உலகுக்கே புதிது. இலண்டன் மாநகரின் மிகப் பெரிய ஆம்னிபஸ் நிறுவனம் தன் கடைசிக் குதிரை வண்டியை நிறுத்தியதும் அதே 1911-இல்தான். நம் தென்னாட்டுச் சாலைகளோ மாட்டு வண்டிக்கும் ஜட்கா வண்டிக்கும் அமைந்தவை. கோடையில் முழங்கால் அளவு புழுதி. மழையில் அதே புழுதி சேறு. அத்தகைய சாலையில் பேருந்து ஓட்ட முன்வந்தவர்கள் பிற்காலத்தில் ஊருக்கு ஊர் பெருகினர். அவர்களிற் பலருடைய வழக்கம் என்னவென்றால், ஆள் நிறையும்வரை வண்டியை எடுப்பதில்லை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருப்பார். நடத்துநர் வண்டியைச் சுற்றிவந்து இதோ புறப்படுகிறது, இதோ புறப்படுகிறது என்று கூவிக்கொண்டிருப்பார். நம்பி ஏறியவர் வெயிலில் ஒரு மணி நேரம் வெந்துகொண்டிருப்பார். இன்றைய கைப்பேசிச் செய்திகளுக்கு அக்கூவலே மூதாதை எனலாம். அதிலும் பயணியை அண்ணாச்சி, அம்மா என்று அன்போடு அழைக்கும் சொற்களுக்குக் குறைவில்லை!

சுந்தரம் ஐயங்கார் செய்த புதுமை மிக எளியது. வண்டி இன்ன நேரத்துக்கு இன்ன இடத்தில் இருக்கும் என்று அறிவித்தார். அறிவித்த நேரத்துக்கு வண்டியை எடுத்தார். இருக்கை நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் எடுத்தார்.

இன்று இது பெரிய செயலாகத் தோன்றாது. அன்று இதன் அருமையை உணர, இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் என்னும் ஏற்பாடே 1906-இல்தான் வந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். நாட்டுப்புறத்தார் வெயிலின் நிழலையும் கோயில் மணியையும் கொண்டு பொழுதறிந்தவர்கள். மணி, நிமிடம் என்னும் கணக்கு இரயிலோடு வந்தது. இருப்புப்பாதைத் துறையில் பணியாற்றிய காலத்தில், அட்டவணை என்ற ஒன்று பயணியின் மனத்தில் எத்தகைய அமைதியை உண்டாக்குகிறது என்பதை அவர் கண்டிருத்தல் வேண்டும் என்பது எம் ஊகம். மருத்துவமனைக்குச் செல்லும் தாய், வழக்கு மன்றத்துக்குச் செல்லும் குடியானவர், தேர்வுக்குச் செல்லும் மாணவன் ஆகிய மூவருக்கும் பேருந்தின் வண்ணமும் வேகமும் பொருட்டல்ல. எப்பொழுது வரும் என்பது ஒன்றே பொருட்டு. அந்த ஒன்றைப் பலகையில் எழுதி வைத்தார். விளம்பரம் என்று அதற்கு எவரும் பெயரிடவில்லை.

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களில், கள்ளாமை விரதத்துக்குக் கூறப்படும் அதிசாரங்களுள் பொய்யளவையும் கலப்படமும் இடம்பெறுதலை நம் வாசகர் அறிவர். படியும் தராசும் மட்டுமே அளவை என்று நாம் எண்ணிவிடுகிறோம். பிறருடைய நேரத்தை வாங்கிக்கொண்டு குறைத்துத் தருவதும் பொய்யளவையே அன்றோ? சொல்லுக்கும் இவ்விதி பொருந்தும். மனத்தில் இல்லாத அக்கறையைச் சொல்லில் கலந்து விற்பது கலப்படம் அல்லாமல் வேறென்ன? ஐயங்கார் சமணர் அல்லர். இவ்விரதங்களைப் பயின்றவரும் அல்லர். ஆயினும் நம் பெரியோர் அஞ்சிய குற்றம் எதுவோ அதனை அவரும் அஞ்சினார் என்பதால் இதனை ஈண்டுக் குறித்தோம்.

நிற்க. நேரம் தவறாமை என்பது வெறும் மன உறுதியினால் வந்துவிடுவதன்று. அந்நாளில் பேருந்தின் பெரும்பகை ஆணி. மாடுகளின் குளம்பிலிருந்தும் குதிரைகளின் குளம்பிலிருந்தும் கழன்று விழுந்த இலாட ஆணிகள் சாலை நெடுகச் சிதறிக் கிடக்கும். ஒரு ஆணி போதும், சக்கரம் பஞ்சராகி அரை மணி நேரம் வீணாகும். அதற்காக, காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் முன்னதாக ஓட்டி, ஆணிகளைப் பொறுக்கி எடுக்கும் ஏற்பாட்டை அவர் நிறுவனம் செய்திருந்தது என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றளவும் வியந்து கூறுவர். பேருந்து கடப்பதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்பதும் அவர்கள் சொல்லும் செய்தியே. இவ்விரண்டில் எமக்கு மிகவும் உவப்பானது காந்தத்தின் கதைதான். ஏனெனில், பேருந்தில் அமர்ந்திருக்கும் பயணி அந்தக் காந்தத்தைக் காண்பதேயில்லை. தமக்காக விடியற்காலையில் யாரோ ஆணி பொறுக்கினார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவர் அறிந்ததெல்லாம், தாம் சந்தைக்கு நேரத்தோடு வந்து சேர்ந்தோம் என்பது மட்டுமே. அன்றியும், அதே சாலையில் பின்னால் வந்த பிறருடைய வண்டிகளுக்கும் மிதிவண்டிகளுக்கும் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கும் அந்தப் பயன் கிட்டியிருக்கும்.

ஐயங்காரை யாம் கண்டதில்லை. அவருடைய பேருந்தைக் கண்டிருக்கிறோம். அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1970-இல், திண்டுக்கல் பக்கத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்குச் செல்வதற்காகச் சாலையோரப் புளியமரத்தடியில் நிற்போம். எதிரே ஒரு தேநீர்க் கடை. அக்கடைக்காரர் டி.வி.எஸ். வண்டி வரும் நேரத்தைக் கணக்கிட்டே பாலை அடுப்பில் ஏற்றுவார். ஒரு நாள் மழை. வண்டி வரவில்லை. ஏறத்தாழக் கால் மணி நேரம் கழித்து வந்து நின்றது. நடத்துநர் கீழே இறங்கினார். எங்கள் பின்னால் நின்றிருந்த கீரைக்காரப் பாட்டி உட்பட ஒவ்வொருவரிடமும், தரைப்பாலத்தில் நீர் ஓடியதால் தாமதம் நேர்ந்தது என்றும், மதுரையை இத்தனை மணிக்கு அடையும் என்றும், இணைப்பு வண்டி பிடிக்க வேண்டியவர் உண்டா என்றும் கேட்டார். மன்னிக்குமாறு பலமுறை கூறவும் இல்லை. புன்னகை செய்யவும் இல்லை. மழையில் நனைந்த சட்டையோடு, பாடம் ஒப்பிக்கும் மாணவனைப் போலச் சொல்லிவிட்டுச் சீட்டுக் கொடுக்கத் தொடங்கினார். அந்தக் கீரைக்காரப் பாட்டி எம்மிடம் திரும்பி, தன்னிடம் இதுவரை ஒருவரும் எதற்கும் காரணம் சொன்னதில்லை என்றாள். ஆசிரியப் பயிற்சியில் கற்பித்த உளவியல் பாடங்கள் பலவும் மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பெரிய தனியார் பேருந்து நிறுவனங்கள் அரசுடைமை ஆயின. டி.வி.எஸ். வழித்தடங்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்திடம் சென்றன. அது நன்றா தீதா என்பது வேறு வாதம். அரசுப் பேருந்து நுழையும் சிற்றூர்களுக்கு எந்தத் தனியார் வண்டியும் வந்திராது என்பதையும் மறுக்க இயலாது.

மீண்டும் ஐயங்காரிடம் வருவோம். பேருந்து நடத்தியவர் விரைவிலேயே மோட்டார் வாகனங்களையும் உதிரி உறுப்புகளையும் விற்கும் தொழிலிலும் இறங்கினார். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்கள் எழுந்தன. 1950-களில் சுந்தரம் மோட்டார்ஸ் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களுக்கு மிகப் பெரிய விற்பனையாளராக விளங்கியது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. வண்டி விற்பவர் பலரும் வண்டி ஓட்டிப் பார்த்தவர்கள் அல்லர். இவரோ தம்முடைய நூற்றுக்கணக்கான பயணிகளை நம்பித் தாமே வண்டி ஓட்டியவர். நடுவழியில் ஒரு சிறு உறுப்பு உடைந்து, மாற்று கிடைக்காமல் நிற்பது எத்தகைய துன்பம் என்பதை அறிந்தவர். எனவே அவருடைய கடையில் விற்பனையும் பட்டறையும் உதிரி உறுப்பும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. விற்றபின் வாடிக்கையாளரை எவ்வாறு நடத்துகிறோம் என்பதே அடுத்த விற்பனைக்கான விளம்பரம் என்னும் கொள்கையை இன்று மேலாண்மைக் கல்லூரிகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கிறார்கள். அவர் அதனைப் பட்டறையின் எண்ணெய் படிந்த தரையில் நின்று கற்றார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோல் பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. 1942-இன் தொடக்கத்தில் மலேயா ஜப்பானியர் வசமானதும் இரப்பருக்கும் பஞ்சம். பேருந்தை நிறுத்திவிட்டேன், போர் முடிந்தபின் பார்க்கலாம் என்று சொல்வதற்கு இதைவிடத் தக்க காரணம் எவருக்கும் கிட்டாது. ஐயங்காரின் நிறுவனம் பெட்ரோலுக்கு மாற்றாகக் கரிவாயுவைப் பயன்படுத்தும் கருவியை வடிவமைத்துச் செய்தது. டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்பது அதன் பெயர். மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் எரியக்கூடிய ஒரு வாயு கிளம்பும். அதனைக் குளிரச் செய்து, சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, எஞ்சினுக்குள் செலுத்துவர். ஐரோப்பிய நாடுகளிலும் போர்க்காலத்தில் இம்முறையையே கையாண்டனர். பேருந்தின் பின்புறம் ஒரு பெரிய உருளை அடுப்பு நிற்கும். விடியுமுன் எழுந்து அதில் நெருப்பு மூட்டி, ஊதி, வாயு சீராகும்வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோலின் வலிமை அதற்குக் கிடையாது. மேட்டில் ஏறும்போது வண்டி திணறும். ஓட்டுநரின் முகமும் பயணியின் வேட்டியும் கரியாகும். கரி பஸ் என்று மக்கள் அதனை ஏளனமும் அன்பும் கலந்து அழைத்தனர். எனினும் அது ஓடியது. தேய்ந்த டயருக்குப் புதிய மேற்பரப்பு ஒட்டிப் பயன்படுத்தும் இரப்பர்த் தொழிற்சாலை ஒன்றையும் அவர் நிறுவினார். இல்லாத பொருளை எண்ணிப் புலம்பாமல், இருக்கும் பொருளின் ஆயுளை நீட்டும் அறிவு இது. அக்கால இல்லத்தரசியர் பழைய புடவையைக் கிழித்துத் தூளியாக்கிய அறிவோடு இதனை ஒப்பிடலாம் என்று தோன்றுகிறது.

தொழிலைச் சொல்லி இல்லறத்தைச் சொல்லாமல் விட்டால் வரலாறு நிறைவுறாது. அவருடைய மகள் சௌந்தரம் 1904-இல் பிறந்தார். அந்நாளைய வழக்கப்படி இளவயதிலேயே மணமாயிற்று. மருத்துவராயிருந்த கணவர் சில ஆண்டுகளிலேயே காலமானார். 1920-களில் வைதிகக் குடும்பத்துக் கைம்பெண்ணின் நிலை என்ன என்பதை எம் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். இருட்டறையும் ஒருவேளை உணவுமே அவர்களுக்கு விதித்தவை. ஐயங்கார் குடும்பம் அம்மகளை அவ்வாறு முடக்கவில்லை, படிக்க அனுப்பியது. தில்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936-இல் அவர் மருத்துவரானார். அக்காலத்தில் ஒரு தந்தைக்கு இதற்கு வேண்டியிருந்த துணிவு, பேருந்து ஓட்டுவதற்கு வேண்டிய துணிவைவிடப் பெரிது.

ஆனால் அதன்பின் நிகழ்ந்ததையும் கூறல் வேண்டும். தில்லியில் காந்தியடிகளின் தொண்டர் ஜி. ராமச்சந்திரனை அவர் சந்தித்தார். இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பினர். மணமகன் கேரளத்தவர், வேறு குலத்தவர், மணமகளோ கைம்பெண். பெற்றோர் இணங்கவில்லை. இருவரும் ஓராண்டுக் காலம் ஒருவரையொருவர் காணாமல் இருந்து, அதன் பின்னும் மனம் மாறாதிருந்தால் மணம் செய்துகொள்ளலாம் என்று காந்தியடிகள் கூறினார். மனம் மாறவில்லை. 1940-இல் அவர் முன்னிலையிலேயே திருமணம் நடந்தது. ஐயங்காரைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவர். அவ்வாறு கடத்தல் அவருக்குச் செய்யும் மரியாதையன்று என்பது எம் கருத்து. புளியமரத்தடியில் நிற்கும் முன்பின் அறியாத பயணியின் தேவையை அறிந்தவருக்கு, தம் மகளின் நெஞ்சத்தை அறிவது எளிதாக இல்லை. நம்மில் எத்தனை பேருக்கு எளிதாக இருக்கிறது? பள்ளியில் பிறர் பிள்ளைகளிடம் காட்டிய பொறுமையை எம் பிள்ளைகளிடம் யாம் காட்டியதில்லை என்பதை அவர்கள் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அம்மகளார் 1947-இல் கணவரோடு திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்ததும், மருத்துவமும் கல்வியுமாக அச்சுற்றுவட்டாரத்தை மாற்றியதும், சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் அமர்ந்ததும், நடுவணரசில் கல்வித் துணை அமைச்சராகத் திகழ்ந்ததும் பலரும் அறிந்தவை. அவர் 1984-இல் மறைந்தார்.

ஐயங்கார் முதுமையில் தொழிற்பொறுப்புகளை ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா முதலிய மக்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியிருந்தார். தந்தை உயிருடன் இருக்கும்போதே அதிகாரத்தைக் கைமாற்றும் பண்பு வணிகக் குடும்பங்களில் அரிது. அரசியல் குடும்பங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், கொடைக்கானலில் தம் இல்லத்தில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 78.

அவருடைய வழியினர் 1962-இல் சென்னைக்கு அருகே பாடியில் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தை நிறுவினர். அந்நிறுவனமே பின்னர் ஓசூருக்கு வந்தது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபோது ஓசூர் ஒரு சிற்றூர். பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர் அருகில் இருந்தும், தமிழ்நாட்டின் கடைக்கோடி என்று கருதப்பட்ட ஊர். அன்று தருமபுரி மாவட்டம். 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 1980-இல் இங்கிருந்து டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் வெளிவந்தது. அதே காலத்தில் அசோக் லேலண்டும், 1987-இல் டைட்டன் கடிகாரமும் இங்கு உற்பத்தியைத் தொடங்கின. அதுவரை மொபெட் என்றால் ஒருவர் மட்டும் செல்லும் வண்டி. டி.வி.எஸ். 50 இருவர் அமரும்படி அமைந்தது. எளிய குடும்பத்தில் வண்டி வாங்குபவர் தனியே செல்லமாட்டார், பின்னால் மனைவியோ மகளோ அமர்ந்திருப்பார் என்பதை யாரோ ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். பின்வந்த வகைகளில் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டுச் சுமை ஏற்றவும் வழி செய்தனர். பாகலூரிலிருந்து ரோசாப் பூ, இராயக்கோட்டையிலிருந்து தக்காளி, தளியிலிருந்து கீரை என்று விடியற்காலையில் ஓசூர்ச் சந்தைக்கு வந்து சேரும் வண்டிகளில் இன்றும் பாதி அவ்வகையே. அந்தப் பின்னிருக்கையை யாம் ஒரு விளம்பர வாசகமாகவே காண்கிறோம். அதில் சொற்கள் இல்லை.

எல்லையூராகிய ஓசூரில் வீட்டில் தெலுங்கு பேசுவோர் உண்டு. கன்னடம் பேசுவோர் உண்டு. தமிழும் உருதும் உண்டு. ஆனால் கடைகளும் நிதி நிறுவனங்களும் கைப்பேசிக்கு அனுப்பும் செய்திகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் வருகின்றன. தவணை தேதியையும் அபராதத் தொகையையும் படிக்க இயலாமல், அண்டை வீட்டுப் பெண்கள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு எம்மிடம் வருவார்கள். ஒரு பெண் தன் வண்டிக் கடன் முடிந்துவிட்டது என்று வாழ்த்தும் செய்தி என எண்ணி வைத்திருந்தது, அபராதம் ஏறிவிட்டது என்னும் அறிவிப்பு. அதன் தொடக்கத்திலும் மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே என்னும் சொற்களே இருந்தன. அவளுக்கு அதனைப் படித்துச் சொன்ன அன்று எமக்கு இரவு உறக்கம் வரவில்லை.

வாழ்த்துச் செய்தி அனுப்பிய கடைக்கு ஒரு கடிதம் எழுதினோம். விடை வரவில்லை. ஆனால் எதிர்பாராத வேறொன்று நிகழ்ந்தது. எம்மிடம் படித்த மாணவி ஒருத்தியின் மகன் எங்கள் தெருமுனையில் இருசக்கர வண்டிகளைப் பழுது பார்க்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறான். அவன் ஒரு நாள் கைப்பேசியோடு வந்து, வண்டி விட்டுச் செல்வோருக்கு அனுப்புவதற்காக ஒரு செய்தி எழுதியிருப்பதாகவும், பாட்டியம்மா அதில் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டான். பிழை மூன்று இருந்தன. அவற்றைத் திருத்தினோம். அன்பான என்பதையும் மேலான என்பதையும் தங்கள் நலனையே உயிராகக் கருதும் என்பதையும் அடித்தோம். மிஞ்சியது வண்டியின் எண்ணும், வண்டி ஆயத்தமாகும் நேரமும், பழுதுக்கான தொகையும் மட்டுமே. இவ்வளவு வெறுமையாக இருந்தால் வாடிக்கையாளர் வருந்தமாட்டார்களா என்று கேட்டான். அவனை உட்காரச் சொல்லி, மதுரைச் சாலையில் ஆணி பொறுக்கிய காந்த வண்டியின் கதையைச் சொன்னோம். முகத்தில் நம்பிக்கை தோன்றவில்லை. எனினும் பொறுமையோடு கேட்டான்.

நேரம் என்ற இடத்தில் மாலை நான்கு மணி என்று எழுதியிருந்தான். உண்மையாகவே நான்கு மணிக்கு ஆயத்தமாகிவிடுமா என்று வினவினோம். சற்று யோசித்தான். உதிரி உறுப்பு பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி சோதனைச்சாவடி தாண்டி வர வேண்டும், போக்குவரத்து நெரிசலைப் பொறுத்தது, ஐந்தரை என்றால் தவறாது என்றான். ஐந்தரை என்று எழுதிக் கொடுத்தோம்.